எழுபது வளைவு ஏறிய ராஜகுமாரி

கொல்லிமலை
21 மே 2024

மதிப்பிற்குரிய நாடக ஆசிரியர் ஜீவானந்தம் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ராமாயி. கொல்லிமலையில், செம்மேட்டைத் தாண்டி ஒரு கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டராக இருக்கிறேன். கோடை விடுமுறைக்கு நானும் என் வீட்டுக்காரர் காளியண்ணனும் மகள் பூங்குழலியும் சென்னையில் அம்பத்தூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தோம். கடற்கரை, வண்டலூர், மெட்ரோ ரயில் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசி நாள், போன ஞாயிற்றுக்கிழமை மாலை, உங்கள் குழுவின் ‘குரல் தொலைத்த ராஜகுமாரி’ இசை நாடகத்துக்கு வந்தோம்.

டிக்கெட்டோடு கொடுத்த தாளில், “ஏதாவது சொல்ல வேண்டுமா? கடிதம் எழுதுங்கள். எல்லாக் கடிதத்துக்கும் பதில் உண்டு” என்று போட்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் வெறும் விரலைச் சொடுக்கியே மேடையில் மழை பெய்ய வைத்தீர்களே, அப்போது நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். ராஜகுமாரிக்குப் பாட்டு வராமல் போய், அவள் வாயை மட்டும் அசைத்த இடத்தில் பூங்குழலி அழுதாள். அவளுக்கு ஒன்பது வயது. அரண்மனை வைத்தியர் வந்து, “கொல்லிமலைத் தேன் ஒன்றுதான் இதற்கு மருந்து” என்று பாடியதும் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டாள். “எங்க ஊரு! எங்க ஊரு!” என்று கத்தினாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த காட்சியில் உங்கள் மலைக்காரர் வந்தார். பெயர் காட்டான். இடுப்பில் இலை. தரையில் நெருப்பு கிடப்பதைப் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் ஒரு நடை. மந்திரி கண்ணாடியைக் காட்டினால் தன் முகத்தைப் பார்த்தே பயந்து ஓடுகிறார். இது அந்தக் காலத்துக் கதை என்று நீங்கள் சொல்ல முடியாது. உங்கள் ராஜகுமாரி ஜீப்பில் வருகிறாள்.

கண்ணாடியைப் பார்த்து அவர் அலறியபோது நானும் சிரித்தேன், அதை மறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். பூங்குழலி எப்போது நாற்காலியை விட்டு இறங்கினாள் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

பிறகு அந்த நடிகர் மைக்கோடு இறங்கி வந்து, குழந்தைகளிடம் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் மகளிடமும் கேட்டார். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “சேலம்” என்றாள்.

சேலத்தில் அவளுக்குப் பஸ் ஸ்டாண்டைத் தவிர ஒன்றும் தெரியாது.

“நாடகந்தானே, உடு” என்கிறார் இவர். என்னால் விட முடியவில்லை. பதில் உண்டு என்று போட்டிருக்கிறீர்கள். எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கா. ராமாயி

*

சென்னை
31 மே 2024

அன்புள்ள திருமதி ராமாயி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மழைக் காட்சியை இவ்வளவு ரசித்தவர் தாங்களாகத்தான் இருக்க முடியும். விரல் சொடுக்கும் எங்கள் பத்துப் பேருக்கும் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். பூரித்துப் போனார்கள்.

தங்கள் மகளின் மனம் நொந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் ஒன்றைத் தாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். இது குழந்தைகளுக்கான கற்பனை. இந்த நாடகத்தில் ராஜா பயந்தாங்கொள்ளி, மந்திரி முட்டாள், வைத்தியருக்குக் கண் தெரியாது. எல்லோருமே கோமாளிகள். காட்டானும் அவர்களில் ஒருவன். பதினான்கு ஆண்டுகளாக இருநூற்றுக்கும் மேற்பட்ட மேடைகளில் குழந்தைகள் அதிகம் விரும்புவது அவனைத்தான். நாடகம் முடிந்ததும் அவனோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் வரிசை நிற்கும். இதுவரை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை.

அடுத்த முறை சென்னை வரும்போது குடும்பத்தோடு வந்து பார்க்க நான்கு அனுமதிச் சீட்டுகள் இணைத்திருக்கிறேன். குழந்தைக்கு என் அன்பு.

தங்கள்,
ஜீவானந்தம்

*

கொல்லிமலை
14 ஜூன் 2024

ஐயா,

சீட்டுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

மந்திரி கோமாளிதான். ஆனால் மந்திரி மகள் யாரும் அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. விடுமுறையில் என்ன பார்த்தீர்கள் என்று டீச்சர் எழுதச் சொல்லியிருக்கிறார். பூங்குழலி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். கடல், வெள்ளைப் புலி, தானாக ஏறும் படிக்கட்டு, அத்தை வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம். நாடகம் இல்லை. நேற்று தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, “அம்மா, நாமெல்லாம் முன்னால எலதான் கட்டிட்டிருந்தமா?” என்று கேட்டாள். எங்கள் வீட்டில் மூன்று கண்ணாடி இருக்கிறது. அதில் ஒன்றின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் எப்போதாவது இந்த மலைக்கு வந்திருக்கிறீர்களா? இதை எழுதியவர் வந்து பார்த்த ஆளா, பார்க்காத ஆளா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ராமாயி

*

சென்னை
2 ஜூலை 2024

ராமாயி அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

நான் பிறந்தது காளப்பநாயக்கன்பட்டி. உங்கள் மலைக்கு நேர் கீழே. அப்பா நாச்சிமுத்து நிலக்கடலையும் மரவள்ளியும் போட்டார். எங்கள் கடலைக்காட்டில் நின்று நிமிர்ந்தால் மலைதான் தெரியும். பதினேழு வயதுவரை அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். மேலே வந்தது ஒரே ஒரு முறை, பள்ளிக்கூடத்துச் சுற்றுலா. அன்று சாயங்காலமே இறங்கிவிட்டோம்.

அப்போதெல்லாம் மலையிலிருந்து பலாப்பழமும் அன்னாசியும் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒருநாள் ஒரு அம்மா கூடையோடு எங்கள் தெருவில் போனார். அவர் நடை எனக்கு விசித்திரமாக இருந்தது. சமமான தார் ரோட்டில் எதற்கு இப்படிக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார் என்று, அவருக்குப் பின்னாலேயே போய் அதேபோல் நடந்து காட்டினேன். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் வாழ்க்கையில் வாங்கிய முதல் சிரிப்பு அதுதான். அதற்குப் பிறகு நடிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். தெரு முடியும்வரை காலைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து, வேறு மாதிரி நடந்து போனார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ‘சேலம்’ என்று உங்கள் மகள் சொன்னதைப் படித்தபோது அவர் முதுகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முதல் கடிதத்திலேயே வந்தது. இருந்தும் உங்களுக்கு அப்படி ஒரு பதில் எழுதினேன்.

காட்சியைத் தூக்கிவிடலாம். ஆனால் மலைக்குப் போகாமல் தேன் இல்லை, தேன் இல்லாமல் ராஜகுமாரிக்குக் குரல் இல்லை. காட்டானாக நடிக்கும் மாணிக்கம் பதினான்கு வருடமாக இந்த ஒரு வேடத்தால் நிற்பவர். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. “இதை எடுத்துட்டா எனக்கு என்னண்ணே வேலை?” என்றார்.

அந்த மலையில் ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்வீர்களா?

ஜீவானந்தம்

*

கொல்லிமலை
11 ஜூலை 2024

ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. அந்த அம்மா யாராகவும் இருக்கலாம். என் அம்மாகூட அந்த வழியாக அன்னாசி கொண்டு போனவர்தான். இப்போது அவர் இல்லை, கேட்கவும் முடியாது. அஞ்சலகத்தில் முத்திரை குத்திக்கொண்டே இருந்தேன். மதியத்துக்குள் கோபம் போய்விட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாம், சொன்னீர்கள்.

எனக்கு நாடகம் எழுதத் தெரியாது. அதனால் சோறு போடும்போது இவரிடம் கேட்டேன். ஒரு ராஜகுமாரி ஜீப்பில் வந்து உங்கள் காட்டு முன்னால் இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று.

“ஜீப்பத் தள்ளி நிறுத்தச் சொல்லுவேன். மரவள்ளி லாரி திரும்போணுமல்ல?” என்றார்.

“தேன் கேட்டா?”

“இப்ப ஏது தேனு? மழைக் காலத்துல தேன் எடுக்க முடியுமா? இருந்து வாங்கிட்டுப் போகச் சொல்லுவேன். சும்மா எதுக்கு ஒக்காந்திருக்கறது, கூட ஒரு கை களையெடுக்கட்டும்.”

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பூங்குழலி தலையைத் தூக்காமலே, “அவ மொதல்ல வாந்தி எடுத்திருப்பா” என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். நாடகத்தைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை பேசுவது அதுதான் முதல் தடவை.

“எழுவது வளைவு ஜீப்புல வந்திருக்கா. மந்திரியும் எடுத்திருப்பாரு, டிரைவரும் எடுத்திருப்பாரு. அதுல ஒருத்தருமே எடுக்கல. பொய்யி.”

இவர் சோற்றுக் கையோடு சிரித்தார். “அதுஞ் சரிதான் சாமி. வாரவங்க பாதிப் பேரு மூஞ்சி வெளுத்துத்தான் எறங்கறாங்க” என்றார். காரவள்ளியில் ஏறும்போது சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், மேலே வந்து சேரும்போது ஜன்னலுக்கு வெளியே தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள். எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுப்போம். கண்டக்டரே வைத்திருப்பார். உங்கள் மலைக்காரரைப் பார்த்து எல்லோரும் சிரிக்க வேண்டுமென்றால், அவர் யாரைப் பார்த்துச் சிரிப்பார் என்பதையும் கொஞ்சம் காட்டுங்கள்.

இதற்கு மேல் காகிதத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வந்து பாருங்கள். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் வேண்டாம், அதற்கு அடுத்த வாரம் வாருங்கள். மாணிக்கத்தையும் கூட்டி வாருங்கள்.

ராமாயி

*

சென்னை
19 ஆகஸ்டு 2024

அன்புள்ள ராமாயிக்கும் காளியண்ணனுக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். நாற்பத்து மூன்றாவது வளைவில் மாணிக்கம், ஐம்பத்து ஒன்றாவதில் நான் என்பதை வந்த அன்று உங்களிடம் மறைத்துவிட்டேன். வரும் வழியில் காற்று நன்றாக இருந்தது என்று சொன்னது பொய். உங்கள் மகள் பெரிய விமர்சகி.

காளியண்ணன் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் விறுவிறுவென்று ஏறியதை மாணிக்கம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். தான் நான்காவது கணுவோடு இறங்கிவிட்டதைச் சொல்லவில்லை.

பூங்குழலி முதல் நாள் முழுக்க எங்கள் கண்ணில் படவே இல்லை. எனக்கு அது சரி என்றே பட்டது. நான் வந்திருப்பது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் நாள் காலை காட்டுக்குப் போகும் கல் பாதையில் மாணிக்கம் முன்னால் நடந்தார், சென்னை ரோட்டில் நடப்பதுபோல் நிமிர்ந்து. பத்தடி போவதற்குள் கால் தட்டி முழங்காலில் விழுந்தார். பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. அவள்தான். ஓடி வந்து, “காலத் தூக்கி வெக்கோணுங்க. தேச்சு நடந்தாக் கல்லு தட்டும். இப்படி” என்று நடந்து காட்டினாள்.

நான் நின்றுவிட்டேன். நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நான் கிண்டல் செய்த நடை. அந்தப் பாதையில் வேறெப்படியும் நடக்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது. அவள் முன்னால் நடக்க, நானும் மாணிக்கமும் அவளைப் பார்த்துப் பார்த்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போனோம். நீங்கள் அஞ்சலகத்தில் இருந்தீர்கள். பார்த்திருந்தால் நன்றாகச் சிரித்திருப்பீர்கள்.

காட்சியை எழுதத் தொடங்கிவிட்டேன். காட்டான் என்ற பெயர் போய்விட்டது. காளியண்ணன் என்று வைக்க மாணிக்கத்துக்கு ஆசை. சம்மதமா?

ஜீவானந்தம்

*

கொல்லிமலை
30 ஆகஸ்டு 2024

ஜீவானந்தம் அண்ணனுக்கு,

இவர் உங்களை அண்ணன் என்றே சொல்கிறார், எனக்கும் அதுவே வந்துவிட்டது.

பெயர் வேண்டவே வேண்டாமாம். “ஊர்ல தலகாட்ட முடியாது, வேற பேரு வெக்கச் சொல்லு” என்கிறார். செங்கோடன் என்று வையுங்கள். எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் ஒரு செங்கோடன் இருப்பார், யாரும் தன்னைத்தான் சொல்வதாக நினைக்க மாட்டார்கள்.

ஒரு சங்கடம். பூங்குழலி பள்ளிக்கூடத்தில் மாணிக்கம் மாமா விழுந்ததை நடித்துக் காட்டுகிறாளாம். நெஞ்சை நிமிர்த்தி நடந்து, கால் தட்டி, “ஐயோ அண்ணே!” என்று விழுகிறாளாம். வகுப்பே சிரிக்கிறது என்று டீச்சர் சொன்னார். உங்களோடு அவ்வளவு சண்டை போட்டவள் நான், என் மகளைக் கண்டிக்க வேண்டும். கூப்பிட்டு உட்காரவைத்தேன். நடித்துக் காட்டச் சொன்னேன். சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

மாணிக்கத்திடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

ராமாயி

*

சென்னை
18 நவம்பர் 2024

அன்புள்ள ராமாயிக்கு,

முதலில் மாணிக்கத்தின் பதில். “விழுந்தது நெசந்தானே. நல்லா நடிக்கிறாளான்னு மட்டும் கேளுங்கண்ணே.” அவருக்கு வருத்தமெல்லாம் இல்லை.

புதிய காட்சியோடு மூன்று முறை மேடை ஏறிவிட்டோம். உள்ளதைச் சொல்கிறேன். சிரிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. ராஜகுமாரி, மந்திரி, டிரைவர் மூவரும் வரிசையாக ஜீப்பிலிருந்து தலையை நீட்டும்போது குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். லாரி திரும்பும் இடமும் பரவாயில்லை. அதற்குப் பிறகு அரங்கம் அமைதியாகிவிடுகிறது. செங்கோடன் தேனுக்கு நாளாகும் என்கிறார், ராஜகுமாரி களையெடுக்கிறாள், கல் பாதையில் அவருக்குப் பின்னால் நடக்கப் பழகுகிறாள், மழை வருகிறது. முதல் நாள் ஒரு தகப்பனார் வந்து, “போன வருஷம் ஒரு காட்டுவாசி வருவானே, அவன் எங்கே சார்? அதுக்காகத்தான் பையனைக் கூட்டி வந்தேன்” என்று கேட்டார். மாணிக்கம் பக்கத்திலேயே வேடத்தோடு நின்றார். வேட்டி, சட்டை, தோளில் துண்டு. அவர்தான் அவன் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

அன்று மாணிக்கம் சாப்பிடவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பழையதை ஒரு ஆட்டத்துக்குத் திரும்பப் போடலாமா என்றுகூட நினைத்தேன். மூன்றாவது முறை ஆடியபோது மாணிக்கம் தானாக ஒன்று செய்தார். பாதையில் ராஜகுமாரி தடுமாறும்போது கையைக் கொடுக்காமல் நின்று, அவள் தானாகக் காலைத் தூக்கி வைக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் மேடையில் ஒன்றும் செய்யாமல் அவர் நின்று நான் பார்த்ததில்லை. அவள் நடந்ததும் அரங்கமே கை தட்டியது.

பழைய சிரிப்பு இனி வராது. பழகிக்கொள்வோம்.

டிசம்பர் 29 மாலை ஆட்டம் இருக்கிறது. அரையாண்டு விடுமுறைதானே? சீட்டு அனுப்பவில்லை, திருப்பி அனுப்பிவிடுவீர்கள். வாசலில் பெயர் சொல்லுங்கள்.

ஜீவானந்தம்

*

கொல்லிமலை
3 ஜனவரி 2025

ஜீவானந்தம் அண்ணனுக்கு,

அன்றைக்கு நாடகம் முடிந்ததும் உங்களைச் சுற்றிக் கூட்டம். எங்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கை மட்டும் காட்டிவிட்டு வந்துவிட்டோம். நீங்கள் பூங்குழலியைத் தேடியதைப் பார்த்தேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கத்தான் தேடியிருப்பீர்கள். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குறை. உங்கள் மேடை மரத்தில் மிளகு திராட்சைக் குலை மாதிரி பெரிது பெரிதாகத் தொங்குகிறது. இவர் அதைப் பார்த்து, “இத்தனை வெளஞ்சா நான் ஏன் மூணாவது வரிசைல ஒக்காந்திருக்கறேன்” என்றார். பக்கத்துச் சீட்டு அம்மா எங்களைப் பார்த்து, “நீங்க மிளகு விவசாயமா?” என்று கேட்டார். இவர் அந்த அம்மாவுக்குக் கொடி நடுவதிலிருந்து காய வைப்பது வரை சொல்லத் தொடங்கிவிட்டார். நான் இடித்து நிறுத்தினேன்.

மாணிக்கம் நின்ற இடத்தைப் பார்த்தேன். நீங்கள் எழுதியதைவிட நன்றாக இருந்தது. இவர் மழையில் நனைந்த துண்டைப் பிழிந்து திரும்பத் தோளில் போடுவார், அதை அப்படியே செய்கிறார். எப்போது பார்த்து வைத்தாரோ. அரங்கம் அமைதியாகிவிடுகிறது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். எனக்குப் பின்னால் ஒரு குழந்தை, “அந்த மாமா கூட்டிட்டுப் போயிடுவாரும்மா, பயப்படாதே” என்று தன் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அமைதியாக இருந்ததால்தான் எனக்குக் கேட்டது.

பூங்குழலியைப் பற்றி. அன்று காலையிலிருந்து கடலில் ஆடியவள். மத்தியானம் சாப்பிட்டதும் அத்தை மகளோடு மாடியில் ஓட்டம். பஸ்ஸிலேயே கண் சொருகிவிட்டது. நாடகம் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வைத்தியர் வந்து கொல்லிமலை என்று பாடினார். அவள் திரும்பி இவர் தோளில் சாய்ந்தாள். ஜீப் வந்தபோது நன்றாகத் தூங்கிவிட்டாள்.

நீங்கள் மலையேறி வந்ததும், மாணிக்கம் முழங்காலைப் பேர்த்துக்கொண்டதும், நான் இத்தனை கடிதம் எழுதியதும் இந்தக் காட்சிக்காக. இவர் என்னைப் பார்த்து, “எழுப்பட்டா?” என்று கேட்டார்.

நான் அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்து, ஒரு செருப்பைக் கீழே போட்டுவிட்டு, வீட்டில் தூங்குவதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். மேடையில் எங்கள் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

வேண்டாம் என்றேன்.

ராமாயி